டவருக்கு அடியில் இருட்டு!

இந்த வாரம் ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஒருத்தர் உங்க வீட்டுக்கு வந்து, 'மொட்டை மாடியில செல்போன் டவர் வைக்கிறோம், மாசா மாசம் வாடகை'ங்கிறார். அப்பா முகத்துல பல்பு எரியுது. அம்மா, 'ஐயையோ கதிர்வீச்சு'ங்கிறாங்க. அப்புறம் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உங்க பக்கம் திரும்பி, 'நீதானே இன்ஜினீயரிங் படிக்கிறே... சொல்லு!'ங்கிறாங்க.

என்ன சொல்லுவீங்க?

எனக்கு நிஜமாவே இது நடந்துச்சு. எங்க வீட்டுல இல்ல, ஃப்ரெண்டு வீட்டுல. ஊர், திருச்செந்தூருக்குப் பக்கத்துல கடலை ஒட்டி இருக்கிற ஆலந்தலை. ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிஞ்சு மீன் குழம்புக்கு உட்கார்ந்த நேரம். கடலுக்குப் போகாத நாள்ங்கிறதால அவன் அப்பாவும் வீட்டில் இருந்தார். பேச்சு அவனோட சித்தப்பா வீட்டு மாடிக்கு வரப்போற டவர் பத்தித்தான். எதிர் வீட்டு அத்தை ரெண்டு வாரமா சித்தப்பா வீட்டாரோட பேசறதில்லையாம். அவங்க மக ஆறு மாசம். 'என் வீட்டுக்கு நேரா அதை வச்சா நான் எங்கலே போவேன்?' என்பது அத்தையோட கேள்வி.

நான் ஈ.சி.இ. மூணாவது வருஷம். ஆன்டெனா பேப்பர்ல ஓரளவு மார்க் எடுத்தவன். சும்மா இருப்பேனா? 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது அத்தை... எல்லாம் வதந்தி'ன்னு அடிச்சு விட்டேன்.

அத்தை என்னை மேலேயும் கீழேயும் பார்த்தாங்க. 'கணக்குப் போட்டுப் பாத்தியா தம்பி?'

போடலை. அதுதான் இந்த வாரக் கட்டுரை!

இது என்ன கதிர்வீச்சு?

'கதிர்வீச்சு'ன்னு சொன்னதுமே நமக்கு ஹிரோஷிமா ஞாபகம் வரும். அது வேற, இது வேற. எக்ஸ்ரே, காமா கதிர் எல்லாம் அணுவில் இருந்து எலெக்ட்ரானையே பிடுங்கிப் போடற அளவு சக்தி உள்ளவை. செல்போன் அலைக்கு அந்தச் சக்தி கிடையாது. வானொலி, டி.வி., மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் இருக்கிற அதே குடும்பம். மைக்ரோவேவ் அடுப்பு சோறைச் சூடாக்குதே, அதே மாதிரி போதுமான அளவு பட்டா உடம்பையும் சூடாக்கும். நிரூபணமான பாதிப்பு இந்தச் சூடுதான். எவ்வளவு பட்டா சூடாகும் என்பதுதான் மொத்த விஷயமும்.

ஐ.சி.என்.ஐ.ஆர்.பி.னு ஒரு சர்வதேச விஞ்ஞானிகள் அமைப்பு இருக்கு. ஜெர்மனியில் இருந்து இயங்குது. அவங்க 1998-ல் கொடுத்த கணக்கு இது: உடம்பு முழுக்க ஒரு கிலோவுக்கு 4 வாட் அளவுக்கு அலை உள்ளே போனா, உடல் வெப்பம் ஏறத்தாழ ஒரு டிகிரி கூடும். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்குது. ஸோ, டவர்ல வேலை பார்க்கிறவங்களுக்கு அதுல பத்துல ஒரு பங்கு, 0.4 வாட். குழந்தை, கர்ப்பிணி, வயசானவங்க எல்லாம் இருக்கிற பொதுமக்களுக்கு ஐம்பதுல ஒரு பங்கு, 0.08 வாட்.

சிவில் பசங்க பாலம் கட்டும்போது, தாங்க வேண்டிய எடையை விடக் கூடுதலாத் தாங்கற மாதிரி டிசைன் பண்ணுவாங்களே, அந்த மாதிரி.

உடம்புக்குள்ளே போற வாட்டை தெருவில் நின்று அளக்க முடியாது. அதனால அதையே காற்றில் அளக்கிற மாதிரி மாத்தினாங்க. ஒரு சதுர மீட்டர் பரப்பில் எத்தனை வாட் விழுது? 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 4.5 வாட், 1800-க்கு 9 வாட் வரை போகலாம். இதை இந்தியா 2008-ல் ஏத்துக்கிட்டது.

அப்புறம்தான் நம்ம ஊர் ட்விஸ்ட். டவர்கள் பெருகப் பெருக பயமும் பெருகுச்சு. ஐ.ஐ.டி. பம்பாய் பேராசிரியர் கிரீஷ் குமார் 2010-ல் டவர் கதிர்வீச்சு பற்றி ஒரு அறிக்கை எழுதினார். அதே வருஷம் மத்திய அரசு பல துறைகள் சேர்ந்த ஒரு குழுவைப் போட்டது. கடைசியில், 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா தன் வரம்பை பத்துல ஒரு பங்காகக் குறைச்சது. 900 மெகாஹெர்ட்ஸுக்கு 4.5 போய் 0.45. 1800-க்கு 9 போய் 0.9. ஏற்கெனவே ஐம்பதுல ஒரு பங்கு, அதுல இன்னொரு பத்துல ஒரு பங்கு... ஆக மொத்தம் ஐநூறுல ஒரு பங்கு!

செல்போனுக்கும் அதே நாளில் வரம்பை இறுக்கினாங்க. தலைக்குள் போற அலை கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது. உங்க போன்ல ஸ்டார், ஹேஷ், 07, ஹேஷ்னு அடிச்சுப் பாருங்க. பல போன்களில் அந்த எண் வந்து நிக்கும்.

கணக்குப் போட்டப்போ...

ஹாஸ்டலுக்குத் திரும்பினதும் ஒரு பேப்பரை எடுத்தேன். ஃபார்முலா ரொம்ப சிம்பிள். ஆன்டெனா ஒரு திசையில் வீசற பவரை, 4 பை ஆர் ஸ்கொயரால் வகுக்கணும், அவ்வளவுதான்.

டிரான்ஸ்மிட்டர் 20 வாட்னு வச்சுப்போம். 'இவ்வளவுதானா? எங்க வீட்டு டியூப்லைட்டே 40 வாட்'ங்கறீங்களா? இருங்க. டியூப்லைட் எல்லாப் பக்கமும் வெளிச்சம் தரும். செல்போன் ஆன்டெனா டார்ச் லைட் மாதிரி, ஒரே பக்கமா குவிச்சு அடிக்கும். ஏறத்தாழ ஐம்பது மடங்கு குவிப்பு. ஆக அந்தத் திசையில் நிக்கிறவருக்கு அது 1,000 வாட் விளக்கு போலத் தெரியும்.

அந்த ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் நின்னா:

50 மீட்டர் தள்ளி: 0.03 வாட். வரம்பான 0.45-ல் பதினாலுல ஒரு பங்கு. பிரச்னையே இல்லை.

13 மீட்டர்: கிட்டத்தட்ட 0.45. வரம்பைத் தொட்டாச்சு.

8 மீட்டர்: 1.24 வாட். வரம்பைப் போல ரெண்டே முக்கால் மடங்கு!

இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா, ஆலந்தலையில் சித்தப்பா வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் நடுவுல இருக்கிற தெரு, சுமார் எட்டு மீட்டர்தான். சித்தப்பா வீடு ஒரு மாடி. அத்தை வீடு ரெண்டு மாடி. சித்தப்பா மாடியில் சின்னக் கம்பம் நட்டு ஆன்டெனா வச்சா, அது தரையில் இருந்து 11 மீட்டர் உயரத்துல நிக்கும். அத்தை மொட்டை மாடியில் துணி காயப்போடற ஆளோட தலை எங்கே இருக்கும்? அதே 11 மீட்டர் சொச்சத்துல!

உண்மையைச் சொல்லணும்னா, இது ஃபுல் பவர்ல, நேர்க்கோட்டில், மோசமான நிலைமைக்குப் போட்ட கணக்கு. 1.24-ங்கிறது சர்வதேச வரம்பான 4.5-க்குக் கீழேதான். அதுல நின்னா உடனே எதுவும் ஆயிடாது. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே? இந்தியா வச்ச கோட்டை அது தாண்டுது. 'ஒண்ணும் ஆகாது'ன்னு வாயால வடை சுட்ட நான், தப்பு. கணக்குக் கேட்ட அத்தை, கரெக்ட்.

அரசாங்கத்துக்கும் இது தெரிஞ்சிருக்கு. 2012-ல் தொலைத்தொடர்புத் துறை ஒரு தூரப் பட்டியல் கொடுத்தது. ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் கட்டடம் இருக்கக் கூடாத தூரம் அது. அந்தத் திசையில் ஒரு ஆன்டெனா இருந்தா 20 மீட்டர். ரெண்டுன்னா 35. நாலுன்னா 45. ஆறுன்னா 55. பன்னிரண்டுன்னா 75 மீட்டர். எட்டு மீட்டர் தெருவுக்கு அந்தப் பட்டியல்ல இடமே இல்லை, பாஸ்!

விளக்கடி இருட்டு

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. டவர் வந்தா முதல்ல பயப்படறது யாரு? அதுக்குக் கீழே இருக்கிறவங்க. ஆனா கீழேதான் அலை ரொம்பக் கம்மி.

மணப்பாடு கலங்கரை விளக்கத்தை ராத்திரியில் பார்த்திருக்கீங்களா? கடல்ல எவ்வளவு தூரத்துக்கோ வெளிச்சம் அடிக்கும். அதோட காலடியில் நிக்கிறவன் செருப்பைத் தேட டார்ச் அடிக்கணும். செல்போன் ஆன்டெனாவும் அப்படித்தான். படுக்கை வாட்டில் மெல்லிசா, ஏழு டிகிரி அளவுக்கு ஒரு தோசை மாதிரி அலையை வீசும். 40 மீட்டர் உயரத்தில் இருந்து மூணு டிகிரி சாய்ச்சு அடிச்சா, அந்தத் தோசையோட நடுப்பகுதி தரையைத் தொடறது முக்கால் கிலோமீட்டர் தாண்டித்தான். அதுக்குள்ளே அது நீர்த்துப் போயிருக்கும்.

ஸோ, கவலைப்பட வேண்டியது டவருக்குக் கீழே இருக்கிற வீடு இல்லை. எதிர்ல அதே உயரத்தில் இருக்கிற மாடி. அப்புறம் அதே மாடியில் ஆன்டெனா முன்னாடி போய் நிக்கக்கூடியவங்க. தண்ணி டேங்க் கழுவ வர்றவர், பெயின்ட் அடிக்கிறவர், காத்தாடி எடுக்க ஏறுற பையன். ஐந்து மீட்டர் கிட்டே போனா கணக்கு 3 வாட்டைத் தாண்டுது. அதுக்காகத்தான் மாடி ஆன்டெனாவைச் சுத்தி கம்பி வேலி, பூட்டு, எச்சரிக்கை போர்டு எல்லாம் வைக்கணும்னு விதி இருக்கு. உங்க தெருவுல இருக்கிற டவரைப் போய்ப் பாருங்க... வேலி இருக்கா?

கேன்சர் வருமா, வராதா?

எல்லாருக்கும் மனசுக்குள்ள இருக்கிற கேள்வி இதுதானே! 2011 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, ரேடியோ அலையை '2பி'ங்கிற பட்டியலில் சேர்த்தது. 'புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாமோ, தெரியலை'ங்கிற பட்டியல் அது. ஆசிய நாடுகளில் பாரம்பரியமா போடற காய்கறி ஊறுகாயும் அதே பட்டியலில்தான் இருக்கு! அப்புறம் 2024-ல், உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கிட்டு, பல வருஷ ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியலைன்னு முடிவு வந்தது.

கோர்ட்டுகளுக்கும் இது பெரிய தலைவலி. 2012 நவம்பரில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனைகளில் இருந்து டவர்களை எடுக்கச் சொன்னது. குவாலியரில் வீட்டு வேலை பார்க்கிற ஒருத்தர், பக்கத்து வீட்டு டவரால்தான் தனக்குப் புற்றுநோய் வந்ததுன்னு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஏழு நாளில் அந்த டவரை நிறுத்தச் சொல்லி 2017-ல் உத்தரவு வந்தது. 2021-ல் நடிகை ஜூஹி சாவ்லா 5ஜி-க்கு எதிரா டெல்லி உயர் நீதிமன்றம் போனார். வழக்கு தள்ளுபடி, 20 லட்சம் ரூபாய் செலவுத்தொகை! அடுத்த வருஷம் அது 2 லட்சமாகக் குறைஞ்சது. மூணு கோர்ட், மூணு கதை. பயந்தவங்களும் ஜெயிச்சிருக்காங்க, பயந்தவங்களும் தோத்திருக்காங்க. பிரிட்டனில் 2020-ல் 5ஜி-யால்தான் கொரோனா பரவுதுன்னு டவர்களையே கொளுத்தினாங்க. அந்த எல்லைக்கு நாம போக வேண்டாம்.

கடல்ல இருக்கிற அப்பா

'அப்ப டவரே வேண்டாம்னு சொல்லிட்டா முடிஞ்சுது'ங்கறீங்களா? அங்கேதான் ஆலந்தலை வேற மாதிரி.

ஃப்ரெண்டோட அப்பா விடியற்காலை மூணு மணிக்கு வள்ளம் இறக்குவார். 'கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போயிட்டா போன் செத்துரும் தம்பி. இன்ஜின் நின்னா யாரைக் கூப்பிட?'ன்னார். அவன் அம்மா, காத்து மாறினா போதும், போனையே கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்களாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தப்போ குமரிக் கடற்கரையில் எத்தனை வீடுகள் அப்படிக் காத்திருந்துச்சுன்னு இந்தக் கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆழ்கடலுக்குப் போன விசைப்படகை எந்தக் கரை டவராலும் எட்ட முடியாது. அதுக்குச் சாட்டிலைட்தான் வழி. ஆனா அன்னன்னிக்குப் போய்த் திரும்பற வள்ளத்துக்கு டவர் சிக்னல் உயிர்நாடி.

இன்னொண்ணு. சிக்னல் வீக்கா இருந்தா உங்க போன் சும்மா இருக்காது. தூரத்து டவருக்குக் கேக்கணும்னு கத்தும், அதாவது பவரைக் கூட்டும். அந்த ஆன்டெனா உங்க காதுல ஒட்டிக்கிட்டு இருக்கு. டவர் தூரமா இருந்தா அலையே இல்லைன்னு நினைக்கிறது தப்பு. பக்கத்துல டவர் இருந்தா போன் மெதுவாத்தான் பேசும்.

சரி, கடல்ல எவ்வளவு தூரம் எட்டும்? பூமி உருண்டைங்கிறதால உயரம்தான் முக்கியம். சித்தப்பா மாடியில் 11 மீட்டர் உயர ஆன்டெனா, வள்ளத்தில் ரெண்டு மீட்டர் உயரத்தில் போன்னு வச்சா, அதிகபட்சம் 19 கிலோமீட்டர். அதே ஆன்டெனா 40 மீட்டர் உயரத்துல நின்னா கிட்டத்தட்ட 32 கிலோமீட்டர். கணக்குல வர்ற தூரம் இது, நிஜத்துல குறையும். ஆனா வித்தியாசத்தைப் பார்த்தீங்களா?

ஊருக்கு வெளியே காலி இடத்துல உயரமான டவரா வச்சா, கடல்ல சிக்னலும் தூரம் போகும். அத்தை மாடிக்கு நேராவும் வராது. ரெண்டு பேரும் ஜெயிக்கிற கணக்கு! மாடியில் கம்பம் நட்டா செலவு கம்மி, அவ்வளவுதான். சித்தப்பாவுக்கு வாடகை போயிடும். அதை அவர்கிட்ட சொல்ற வேலை எனக்கு!

கேட்டு வைங்க!

உங்க தெருவுக்கு டவர் வந்தா, சண்டை போடறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கேளுங்க.

ஒண்ணு: ஆன்டெனா எந்தத் திசையைப் பார்க்குது, தரையில் இருந்து எத்தனை மீட்டர், அந்தத் திசையில் எத்தனை ஆன்டெனா? எதிர் மாடியோட உயரத்தை நீங்களே அளந்து ஒப்பிடுங்க.

ரெண்டு: அலைவரிசை ஒதுக்கீட்டுக்கான நிலைக் குழுவோட அனுமதி இருக்கா? கட்டடம் தாங்கும்னு பொறியாளர் கொடுத்த சான்று இருக்கா? கடற்கரை ஊர்ல இது டபுள் முக்கியம். உப்புக்காத்து இரும்பை எப்படித் தின்னும்னு வள்ளம் வச்சிருக்கிறவங்களைக் கேளுங்க. என்னைக் கேட்டா, அலையை விடத் துருப்பிடிச்ச போல்ட்டுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். ஜெனரேட்டர் சத்தமும் புகையும் அடுத்த வீட்டு ஜன்னலுக்குப் போகுமான்னும் கேளுங்க.

மூணு: வரம்புக்குள்ளதான் இருக்குன்னு கம்பெனி தானே சான்று கொடுக்கணும். அதை அரசுத் தரப்பு சோதிக்கும். ஆனா எல்லா டவரையும் இல்லை, ஒரு பகுதியை மட்டும். 2017 மே மாதம் மத்திய அரசு 'தரங் சஞ்சார்'னு ஒரு இணையதளம் தொடங்குச்சு. உங்க பக்கத்து டவர் விவரத்தை அதுல பார்க்கலாம். நேர்ல வந்து அளக்கச் சொல்லவும் முடியும். தொடங்கினப்போ அதுக்குக் கட்டணம் 4,000 ரூபாய். தெருவுல நாற்பது வீடு சேர்ந்தா ஆளுக்கு நூறு ரூபாய், ஒரு சினிமா டிக்கெட்!

நாலு: 'உங்க நிலத்துல டவர் வைக்கிறோம், லட்சக்கணக்குல அட்வான்ஸ், முதல்ல பதிவுக் கட்டணம் கட்டுங்க'ன்னு மெசேஜ் வந்தா... அப்படியே டெலீட்! டவர் வைக்க நாம காசு கட்டறதில்லை. இடத்துக்கு 'டிராய்' அனுமதிக் கடிதம்னு ஒண்ணு காட்டினா அது போலி. இதைப் பத்தி டிராயே பல தடவை எச்சரிச்சிருக்கு.

போன ஞாயிறு மறுபடி ஆலந்தலை போனேன். பேப்பரை அத்தைகிட்ட நீட்டினேன். 'நான் சொன்னது தப்பு அத்தை'ன்னேன். அவங்க கணக்கைப் பார்க்கவே இல்லை. 'இதை எதிர் வீட்டுல போய்க் காமி'ன்னாங்க. சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சார். 'அப்ப டவர் வரக் கூடாதுன்னு இதுல இல்ல... இங்க வரக் கூடாதுன்னுதானே இருக்கு?'ன்னார். ஆமான்னேன். ஃப்ரெண்டோட அப்பா, ஊருக்குத் தெற்கே காலியா கிடக்கிற இடத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சார்.

கம்பெனிக்காகப் பேச வந்த இடைத்தரகர்கிட்ட சித்தப்பா முதல் கேள்வியைக் கேட்டாராம். 'ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்கும்?' 'ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்'னு போனவர், இதை எழுதற வரைக்கும் திரும்பி வரலை. அத்தையும் சித்தப்பா வீடும் இன்னும் பேச ஆரம்பிக்கலை. ஆனா நான் கிளம்பும்போது, அத்தை வீட்டுப் பனங்கிழங்கு ஒரு கட்டு, தெருவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருந்துச்சு.

மக்கா, அடுத்த தடவை வீட்டுல யாராவது 'நீதானே படிச்சவன், சொல்லு'ன்னா, 'ஒண்ணும் ஆகாது'ன்னும் சொல்லாதீங்க, 'ஐயையோ'ன்னும் சொல்லாதீங்க. பேனாவை எடுங்க. எத்தனை மீட்டர்னு கேளுங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்!